மேவ், நீவ், சைவ்: அயர்லாந்துப் புராணப் பெயர்களைத் தமிழில் எப்படி ஒலிப்பது?

கதைசொல்லி:

வணக்கம். அயர்லாந்தின் பழங்கதைகளைச் சிறுவர்களுக்காகத் தமிழில் சொல்லி ஒலிப்பதிவு செய்து வருகிறேன். அல்ஸ்டர் வீரர்களின் கதைகளில் நான்கு பகுதிகளை முடித்த பிறகு, நான் உச்சரித்த பெயர்களில் ஏறக்குறைய ஒன்றுகூடச் சரியில்லை என்று கேட்டவர் ஒருவர் பொறுமையாக எழுதி அனுப்பியிருக்கிறார். கொனாக்ட் நாட்டு அரசியை நான் 'மெட்ப்' என்றேன். அவள் 'மேவ்' ஆம். டெர்ட்ராவின் காதலனை 'நவோய்ஸ்' என்றேன். அவன் 'நீஷ' ஆம். குலன் என்னும் கொல்லனின் காவல் நாயைக் கொன்றுவிட்டு, அதற்கு ஈடாகத் தானே காவல் நின்றதால் 'குலனின் வேட்டைநாய்' என்று பெயர் பெற்ற அந்த மாவீரனை நான்கு பகுதிகளிலும் 'கு சுலைன்' என்றே அழைத்திருக்கிறேன்.

மீண்டும் பதிவு செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் தேடிப் பார்த்தால் ஒரே பெயருக்கு மூன்று ஒலிப்புகள் கிடைக்கின்றன, மூன்றையும் சரி என்கிறார்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் இவ்வளவு தொலைவு ஏன்? இதற்கு விதி ஏதும் உண்டா, அல்லது ஒவ்வொரு பெயராக மனப்பாடம் செய்வதுதான் வழியா?

லிஃபிக்கரை:

பதினொரு ஆண்டுகளாக டப்ளினில் வாழ்கிறேன். வந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பில் பெயர்ப்பட்டியலை வாசிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'நியாம்' என்றேன், யாரும் எழவில்லை. 'அயோஃபே' என்றேன், அதற்கும் அமைதி. மூன்றாவதாக 'சத்ப்' என்று தொடங்கியதும் முதல் வரிசையில் இருந்த மூன்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, தாங்கள் முறையே நீவ், ஈஃபா, சைவ் என்று சொன்னார்கள். மூன்றும் புராணத்தில் உள்ள பெயர்கள். நீவ் என்பவள் ஒஷீன் என்னும் வீரனை இளமை மாறா நாட்டுக்கு அழைத்துச் சென்றவள், ஈஃபா லிர் மன்னனின் பிள்ளைகளை அன்னங்களாக்கிய சிற்றன்னை, சைவ் மான் உருவில் திரிந்த ஒஷீனின் தாய். இங்கே இவை கதைப் பெயர்கள் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் பெயர்களும் ஆகும். அதனால்தான் தவறாக ஒலித்தால் உடனே உறுத்துகிறது.

உங்களுக்கு ஏற்கெனவே சரியாக ஒலிக்கத் தெரிந்த ஐரியச் சொல், அதாவது அயர்லாந்து மொழிச் சொல், ஒன்று இருக்கிறது. பேய்க்கதைகளில் வரும் 'பான்ஷீ'யை யாரும் 'பான்சித்ஹே' என்று படிப்பதில்லை. 'பான்' என்பது பெண், 'ஷீ' என்பது மாய மக்கள் வாழும் மேடு. புராண நூல்களில் அதே 'ஷீ'யை எஸ், ஐ, டி, எச், இ என்று ஐந்து எழுத்துகளில் கண்டால் மட்டும் நாம் தடுமாறுகிறோம்.

டப்ளின் பொது அஞ்சலகத்தில் உங்கள் மாவீரனின் வெண்கலச் சிலை இருக்கிறது. ஆலிவர் ஷெப்பர்ட் வடித்தது, 1935இல் அங்கே நிறுவப்பட்டது. அதன்முன் நின்று 'கு சுலைன்' என்று படிக்கும் பயணிகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன், ஆகவே நீங்கள் தனியாக இல்லை.

ஆய்தம்:

விதி உண்டு. அது ஆங்கிலம் அறிந்தவருக்கு விந்தையாகவும் தமிழ் அறிந்தவருக்குப் பழகியதாகவும் இருக்கும் என்பது என் கருத்து.

தமிழ் எழுத்தைப் புதிதாகக் கற்ற ஒருவர் 'கண்', 'தங்கம்', 'பகல்' ஆகிய மூன்று சொற்களைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து ஒன்றே, ஆனால் சொல்லின் முதலில் ஓர் ஒலி, மெல்லினத்தை அடுத்து வேறோர் ஒலி, உயிர்களுக்கு இடையில் தொண்டையை உரசும் மூன்றாவது ஒலி. இடத்தைப் பார்த்தே ஒலியை அறிகிறோம், அதற்காகத் தனி எழுத்தை நாம் தேடுவதில்லை. ஏறத்தாழ 600 முதல் 900 வரை வழங்கிய பழைய ஐரிய மொழியை எழுதிய துறவிகளும் இதையே செய்தார்கள். அவர்கள் கையில் இருந்தது இலத்தீன் எழுத்து, வாயில் இருந்ததோ இலத்தீனில் இல்லாத பல உரசொலிகள். எனவே சொல்லின் முதலில் வல்லொலியாக நிற்கும் எழுத்தையே உயிருக்குப் பின்னும் எழுதினார்கள், அங்கே அது மெலிந்து ஒலிக்கும் என்பது படிப்பவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

மேவ் அரசியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். பழைய கையெழுத்துப் படிகளில் அது எம், இ, டி, பி என்ற நான்கே எழுத்துகள். உயிருக்குப் பின் வருவதால் டி என்பது 'அது' என்று நாம் சொல்லும்போது வரும் மென்மையான தகரமாகவும், பி என்பது வகரமாகவும் ஒலித்தன, ஆக அன்றைய ஒலிப்பு 'மெத்வ்' என்பதற்கு நெருக்கமானது. பிற்காலத்தில் மெலிந்த மெய்களுக்குப் பின்னால் எச் எழுத்தைச் சேர்த்து அடையாளம் காட்டினார்கள், பெயர் ஏழு எழுத்துகளாக நீண்டது. இதற்குள் அந்தத் தகரம் பேச்சில் தேய்ந்து மறைந்து, முன்னிருந்த உயிரை நீட்டிவிட்டுப் போயிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் எழுத்துச் சீர்திருத்தம், 1958இல் வெளியான அரசு நெறிநூலில் முழுமை பெற்றது, ஒலிக்காத எழுத்துகளைக் களைந்தது, ஐந்தெழுத்து 'மேவ்' எஞ்சியது. நீங்கள் கண்ட மூன்று ஒலிப்புகள் பெரும்பாலும் இப்படி மூன்று காலங்களைச் சேர்ந்தவையாகவே இருக்கும்.

ஓர் இடைக்குறிப்பு. எச் வழக்கு உறுதிப்படுவதற்கு முன், ஐரிய அச்செழுத்தில் மெலிந்த மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். நம் புள்ளி உயிரை நீக்குகிறது, அவர்களுடைய புள்ளி வலிமையை நீக்குகிறது.

நெடுங்கணக்கு:

ஒப்புமை அழகாக இருக்கிறது, ஆனால் அதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. தமிழில் 'பகல்' என்பதை அழுத்தமான ககரத்தோடு சொன்னாலும் பொருள் மாறாது, கேட்பவர் அயலூர்க்காரர் என்று நினைப்பார், அவ்வளவுதான். ஐரியத்தில் பொருளே மாறிவிடும். குதிரைக்கு அம்மொழியில் 'கப்பல்' என்று பெயர். (ஆம், தமிழில் எழுதினால் அப்படித்தான் எழுதவேண்டும், குதிரை கப்பலாவதற்கு நான் பொறுப்பல்ல.) 'அ கப்பல்' என்றால் அவளுடைய குதிரை. ககரத்தை மெலிவித்து 'அ ஹப்பல்' என்பதுபோலச் சொன்னால் அவனுடைய குதிரை. 'கங்கை'யின் முதலெழுத்தைச் சொல்வதுபோல அதிர்வோடு சொன்னால் அவர்களுடைய குதிரை. முதலாவதையும் மூன்றாவதையும் தமிழ் எழுத்து வேறுபடுத்திக் காட்டாது என்பதையும் கவனியுங்கள்.

இன்னொன்று, காலத்தைக் கலக்கக்கூடாது. 'மேவ்' என்று இன்றைய ஒலியைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் அவளுடைய எதிரியைக் 'கொன்ஹொவர்' என்று பழைய ஒலியில் சொன்னால், ஒருவர் சங்கத் தமிழிலும் மற்றவர் இன்றைய தமிழிலும் உரையாடுவதுபோல் ஆகும். அவன் பெயரின் இன்றைய வடிவம் 'கொனஹூர்', ஆங்கிலத்தில் 'கானர்' ஆனதும் அதுவே.

ஆய்தம்:

இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். பழைய ஐரியத்தில் மெலிவு இலக்கணமாகவே ஆகிவிட்டது. ஒரு காலத்தில் முன்சொல்லின் ஈற்றுயிர் அடுத்த சொல்லின் முதல் மெய்யை மெலிவித்தது, அந்த ஈற்றுயிர் பின்னர் மறைந்தும் மெலிவு மட்டும் தங்கிவிட்டது. 'குலன்' என்னும் பெயர் 'கூ' என்னும் நாய்ப்பெயரை அடுத்து வரும்போது முதல் ககரம் உரசொலியாவது இந்த வகை. நாம் சொற்கள் புணரும்போது ஒற்றை மிகுவிக்கிறோம், அவர்கள் வல்லினத்தை மெலிவிக்கிறார்கள். மேலும் 'குலன்' ஆறாம் வேற்றுமையில் 'குலின்' என்று திரிகிறது. ஆக 'கூ ஹுலின்' என்பது நெருக்கமான ஒலிப்பு. ஆனால் அந்த ஹகரம் மூச்சொலி அன்று, 'எஃகு' என்பதை நிறுத்திச் சொல்லும்போது ஆய்தத்தில் கேட்கும் உரசல்.

கதைசொல்லிக்கு இன்னொரு விதியும் தேவைப்படும். ஐரிய மெய் ஒவ்வொன்றுக்கும் அகன்றது, ஒடுங்கியது என இரண்டு வடிவங்கள் உண்டு. பக்கத்தில் ஆங்கில நெடுங்கணக்கின் ஏ, ஓ, யூ எழுத்துகள் நின்றால் அகன்றது, இ, ஐ எழுத்துகள் நின்றால் ஒடுங்கியது. 'ஒடுங்கியதோடு ஒடுங்கியது, அகன்றதோடு அகன்றது' என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் வாய்பாடே இருக்கிறது. எழுத்துகள் தேவைக்கு மேல் குவிந்திருப்பதாக நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. அவற்றுள் பல உயிராக ஒலிக்க வந்தவை அல்ல, பக்கத்து மெய் எவ்வகை என்று காட்ட நிற்பவை. எஸ் எழுத்துக்கு ஒடுங்கிய வடிவம் ஷகரம், அதனால்தான் ஒஷீன், நீஷ, ஷீ. இதுவும் நம் வாய்க்குப் புதிதன்று: 'படித்து' என்று எழுதிவிட்டுப் 'படிச்சு' என்கிறோம், 'வைத்து' என்பதை 'வச்சு' என்கிறோம். முன்னிருக்கும் இகரமும் ஐகாரமும் தகரத்தை அண்ணத்துக்கு இழுத்துவிடுகின்றன.

உயிரின் மேல் சாய்ந்த கோடு இருந்தால் அது நெடில், இல்லையேல் பெரும்பாலும் குறில். 'ஷன்' என்றால் பழையது, கோடு போட்டால் 'ஷான்' என்னும் ஆட்பெயர். ஆங்கிலேயர் இந்தக் கோட்டை அலங்காரமாகக் கருதி விட்டுவிடுகிறார்கள். குறில் நெடில் அறிந்தவர் அதை விடமாட்டார்.

கதைசொல்லி:

மூவருக்கும் நன்றி. இப்போதுதான் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கியிருக்கிறது. இன்றைய ஒலிப்பையே பின்பற்றுவது என்று முடிவுசெய்கிறேன், ஏனெனில் அந்தப் பெயர்களைத் தாங்கிய குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள் என்று லிஃபிக்கரை சொன்னது மனத்தில் நிற்கிறது. ஆனால் இன்றைய ஒலிப்பும் ஒன்றாக இல்லையே. சவ்வென் திருநாளைச் 'சௌன்' என்றும் 'சவின்' என்றும் கேட்கிறேன்.

லிஃபிக்கரை:

நீங்கள் கேட்ட இரண்டும் வட்டார வழக்குகள், தவறுகள் அல்ல. தெற்கே மன்ஸ்டரில் 'சௌன்' என்று ஓரசையாகச் சுருங்குகிறது, மேற்கிலும் வடக்கிலும் இரண்டு அசைகளாகக் கேட்கும். எப்படிச் சொன்னாலும் நடுவில் மகரம் இல்லை, அதை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எம் எழுத்துக்குப் பின் எச் வந்தால் அது வகரம். இன்றைய ஐரியத்தில் நவம்பர் மாதத்துக்கே இந்தத் திருநாளின் பெயர்தான், ஆகஸ்டுக்கு லூ தெய்வத்தின் விழாவான 'லூனச', மே மாதத்துக்குப் 'பியல்தன'. நாட்காட்டியைத் திருப்பும்போதெல்லாம் புராணம் எட்டிப் பார்க்கிறது.

வட்டாரம் இன்னும் சில பெயர்களை மாற்றும். ஃபியானா படையின் தலைவன் பல இடங்களில் 'ஃபின்', மன்ஸ்டரில் 'ஃபியூன்'. தந்தைப் பெயரோடு சேர்த்தால் 'ஃபின் மக் கூல்'. அந்தக் 'கூல்' எழுத்தில் எட்டெழுத்து நீளம், நடுவில் மூன்றெழுத்துகள் ஓர் ஊகாரத்துக்குள் கரைந்துவிட்டன. லிர் மன்னனின் பிள்ளைகளில் ஒருவனுடைய பெயர் ஏ, ஓ, டி, எச் என்று எழுதப்படுகிறது. வடக்கிலும் மேற்கிலும் அது வெறும் 'ஈ', தெற்கில் வெறும் 'ஏ'. பழைய காலத்தில் 'ஆய்த்' என்று மென்மையான தகரத்தில் முடிந்த சொல் அது, நெருப்பு என்று பொருள். கதையில் ஒரு பையனை 'ஈ' என்று அழைத்தால் தமிழ்ச் சிறுவர்கள் என்ன செய்வார்கள் என்பதை உங்கள் முடிவுக்கு விடுகிறேன். 'சைவ்' என்றதும் சைவமா அசைவமா என்று என் மகள் கேட்டாள்.

வேர்ச்சொல்:

இழைக்குப் புதியவன். மேவ் என்னும் பெயருக்கு 'மயக்குபவள்' என்று பொருள் கூறுவார்கள். அதன் வேரும் 'மது' என்னும் சொல்லின் வேரும் ஒன்றே. அதுபோலப் போர்த்தெய்வம் மோரீகனின் பெயரில் இருக்கும் 'ரீகன்' நம் 'ராணி'க்கு உறவு. அப்படியானால் தமிழுக்கும் ஐரியத்துக்கும் தொடர்பு இருக்கிறது அல்லவா?

நெடுங்கணக்கு:

மதுவும் ராணியும் வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்தவை. உறவு ஐரியத்துக்கும் வடமொழிக்கும் இடையே உள்ளது, இரண்டும் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழ் அக்குடும்பத்தில் இல்லை. மேலே ஆய்தம் காட்டிய ஒற்றுமைகளும் உறவால் வந்தவை அல்ல. உயிர்களுக்கு நடுவில் வல்லினம் மெலிவது உலகத்தின் பல மொழிகளில் நடப்பது.

ஒலிப்புக்குத் திரும்புவோம். மோரீகன் என்பதும் பழைய எழுத்தைப் பார்த்துச் சொல்வதே, இன்றைய வடிவில் 'மோர்ரீன்' என்று நடுவிலிருந்த உரசொலி மறைந்துவிட்டது. 'தக்தா' என்று நாம் எழுதும் பெருந்தெய்வத்தின் பெயரிலும் அதே எழுத்துகள் உருகிவிட்டன, 'தைத' என்று ஒலிப்பவர்கள் உண்டு. இத்தகைய பெயர்களில் பழைய வடிவமே உலகெங்கும் பரவிவிட்டதால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். காலத்தைக் கலக்கக்கூடாது என்று சொன்னவனே இதைச் சொல்வதை நீங்கள் சுட்டிக்காட்டுவதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஆய்தம்:

தமிழில் எழுதுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில வழி வரும் பெயர்களில் டகரத்தைப் போடுவது நமக்குப் பழக்கம். ஐரியத்தின் அகன்ற தகரம் பல்லைத் தொட்டு எழுவது, அதாவது நம் தகரமேதான். எனவே தெய்வக் குலத்தின் பெயரை 'டுவாதா டி டனான்' என்று எழுதாமல் 'துவஹ டே தனன்' என்று எழுதலாம். அந்தத் 'தனன்' என்பதைத் 'தனம்' என்ற சொல்லை எப்படி அதிர்வோடு சொல்கிறோமோ அப்படிச் சொல்லவேண்டும், அதை எழுத்தில் காட்ட நமக்கு வழியில்லை. இடையிலுள்ள டி, எச் என்ற எழுத்துக் கூட்டு ஹகரம் மட்டுமே. பாருங்கள், ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தையும் இருபதாம் எழுத்தையும் 'டி' என்றே எழுதவேண்டியிருக்கிறது. நான் இப்போது சொன்னது இருபதாம் எழுத்து.

ஆங்கிலத்தார் 'கிரான்யா' என்று இரண்டாக உடைக்கும் பெயரில் உண்மையில் இருப்பது ஞகரம். நமக்கு அதற்கு எழுத்து இருக்கும்போது 'கிராஞா' என்று எழுதத் தயங்கவேண்டாம். ஈற்றில் வருவது தெளிவான ஆகாரமோ எகரமோ அன்று, வாயை அரைகுறையாகத் திறந்து விடும் ஒலி. 'ஈஃபா' என்று நீட்டுவதைவிட 'ஈஃப' என்று அகரத்தில் விடுவது நெருக்கம், ஆனால் அகரத்தில் முடியும் பெயர் தமிழ்க் கண்ணுக்கு முடிவடையாததுபோல் தெரியும். இதில் செவியா கண்ணா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

இன்னொரு செய்தி: எல், ஆர், என் எழுத்துகளுக்குப் பின் சில மெய்கள் வந்தால் ஐரியர் நடுவில் ஓர் உயிரை நுழைப்பார்கள், 'கொல்ம்' என்று எழுதிக் 'கொலம்' என்பார்கள். ஆங்கிலம் பேசும்போதும் இந்தப் பழக்கம் போவதில்லை, திரைச்சுருளைப் 'பிலிம்' என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் 'ஃபிலம்' என்கிறார்கள்.

கதைசொல்லி:

முடிவுக்கு வந்துவிட்டேன். மேவ், நீவ், சைவ், ஒஷீன், நீஷா, ஈஃபா, கிராஞா, டெர்ட்ரா என்று எழுதுகிறேன். ஈறுகளில் கண்ணுக்கு விட்டுக்கொடுத்து ஆகாரத்தை வைத்துக்கொண்டேன், ஒலிப்பதிவில் குறுக்கிச் சொல்வேன். லிரின் மகனுக்குத் தெற்கத்திய 'ஏ'வைத் தேர்ந்தேன், பூச்சியைவிட அது மேல். மாவீரனைக் 'கூகுலின்' என்று சேர்த்து எழுதினால் உயிர்களுக்கு நடுவில் ககரம் தானாக மெலியும் என்று முதலில் மகிழ்ந்தேன். வாசித்துப் பார்த்த நண்பர், தேடுபொறியின் பெயரை ஏன் கதைக்குள் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். ஆகவே 'கூ ஹுலின்'.

ஓர் ஐயம் மட்டும் மிச்சம். விருந்தில் எல்லோரும் உறங்கியபின் கிராஞா டியர்மிட்டை அழைக்கும் இடத்தில், ஒரு பழைய பதிவில் 'அ யீர்மிட்' என்று கேட்டது. பெயரே மாறிவிட்டதா?

லிஃபிக்கரை:

அது விளி வேற்றுமை. ஒருவரை நேரே அழைக்கும்போது பெயருக்குமுன் 'அ' சேரும், முதல் மெய் மெலியும், ஆண்பெயராயின் பெரும்பாலும் ஈறும் திரியும். ஒடுங்கிய வகை டகரம் மெலிந்தால் யகரம்தான் மிஞ்சும். ஷேமஸ் என்பவரை அழைத்தால் 'அ ஹேமஷ்', ஸ்காட்லாந்தில் 'ஹேமிஷ்' என்று ஒரு தனிப்பெயர் உருவானதே இந்த விளியிலிருந்துதான். கண்ணனைக் 'கண்ணா' என்று அழைக்கும் நமக்கு இது விளங்காததன்று. ஆனால் ஒலிப்பதிவில் 'அ யீர்மிட்' என்று சொல்லாதீர்கள், புதிதாக ஒருவன் வந்துவிட்டான் என்று பிள்ளைகள் நினைப்பார்கள்.

கதைசொல்லி:

அப்படியானால் 'டியர்மிட்டே' என்றே அழைக்கிறாள். இன்றிரவு அந்தப் பகுதியைப் பதிவு செய்கிறேன்.